தகரப் புகைவண்டி

பழைய பொருளைப் பேணுவது ஒரு கலை. உடைந்ததை ஒட்டுவதும் மங்கியதை மினுக்குவதும் மட்டுமே அக்கலை ஆகிவிடா. எதனைச் சேர்க்கலாம், எதனைத் தொடாமல் விடவேண்டும் என்று அறிவதே அதன் உயிர்நிலை. காரைக்காலில் ஒரு தகரப் புகைவண்டி இவ்வுண்மையை ஒரு சிறுவனுக்குக் கற்பித்தது.

அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் காரைக்கால். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த அவ்வூருக்கு, 1898-ஆம் ஆண்டில் பேரளத்திலிருந்து மீட்டர் அகல இருப்புப்பாதை வந்தது. நெல்வயல்களின் நடுவே நீராவி எஞ்சின்கள் புகைகக்கி ஓடின. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிற்று. 1980-களில் அப்பாதையும் மூடப்பட்டது. 2011-இல் நாகூரிலிருந்து அகலப்பாதை வந்தது. பின்னர்ப் பேரளம் வழியிலும் அகலப்பாதை இடப்பட்டது. எனினும், பழைய நீராவி எஞ்சினின் சாயல் அவ்வூரில் ஒரு வீட்டுப் பரணில் மட்டும் எஞ்சியிருந்தது.

அவ்வீட்டு முதியவர் எட்டு வயதில் நோயுற்றுக் கிடந்தார். தகரவேலை செய்துவந்த அவருடைய தந்தையார் நாள்தோறும் நிலையத்திற்குச் சென்று எஞ்சினை உற்றுநோக்கினார். எண்ணெய்த் தகரங்களை வெட்டி, ஈயம் பற்றவைத்து, மகனுக்காக ஒரு சிறு எஞ்சினைச் செய்தார். அதன் பக்கத்தில் ‘காரைக்கால் 1958’ என்று வெண்ணிற வண்ணத்தால் தம் கைப்படவே எழுதினார். நோய் தீர்ந்து வளர்ந்த மகன், பிற்காலத்தில் பொன்மலைப் பணிமனையில் பிட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்றார். அப்பணிமனை முன்பு காரைக்காலுக்கு அண்மையில், நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-இல்தான் பொன்மலைக்கு மாறியது.

முதியவரின் பேரன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பள்ளிக் கண்காட்சிக்காக அவ்வெஞ்சினைப் பரணிலிருந்து இறக்கினான். தாத்தா கடைத்தெருவுக்குச் சென்றிருந்த வேளையில், துருவைப் போக்க எண்ணி உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தான். துரு போயிற்று. அதனோடு எழுத்தும் போயிற்று! ‘காரை’ என்னும் இரண்டு எழுத்துகளே எஞ்சி நின்றன.

திரும்பிவந்த முதியவர் அதனைக் கண்டார். எஞ்சினைக் கையில் எடுத்து, எழுத்திருந்த இடத்தை விரலால் தடவினார். ஒன்றும் கூறவில்லை. அவ்வமைதி சிறுவனைச் சுட்டது.

மறுநாள் அவன் ஒரு படத்தைக் கொண்டுவந்தான். “தாத்தா, இது நீலகிரி மலை எஞ்சின். இதற்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு உருளைகள் உள்ளன. நம் எஞ்சினில் இரண்டே உருளைகள். இன்னும் இரண்டு வைத்துவிட்டால் அழகாக இருக்கும் அல்லவா?”

முதியவர் புன்னகை செய்தார். “தம்பி, அந்த உருளைகள் அழகுக்காக வைத்தவை அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஏறும் பாதையில், ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் இடங்கள் உண்டு. அங்கே சக்கரம் வழுக்கும். அதனால் தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை கொண்ட சட்டத்தைப் பதித்தார்கள். கீழுருளையில் வேலைசெய்த நீராவி வீணாகாமல் மேலுருளைக்குச் சென்று, அச்சட்டத்தைப் பற்றி ஏறும் பற்சக்கரத்தைச் சுழற்றும். நம் ஊரில் மலை எங்கே இருக்கிறது? வயலில் ஓடிய வண்டிக்குப் பல் எதற்கு?”

சிறுவன் நாணினான். “அப்படியானால் எதைத்தான் சேர்க்கலாம், தாத்தா?”

“அது எந்த எஞ்சினோ, அதற்கு உரியதைச் சேர்க்கலாம்” என்றார் முதியவர். பிறகு எஞ்சின் நின்ற சிறு தண்டவாளத்தின் இடைவெளியை அளக்கச் சொன்னார். அது 45 மில்லிமீட்டர் இருந்தது. உண்மைப் பாதையின் இடைவெளியோ 1000 மில்லிமீட்டர். ஆகவே சிறிய எஞ்சின் பெரியதில் ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்கு. கைப்பிடிக்கென்று சிறுவன் எடுத்துவைத்திருந்த கம்பி 4 மில்லிமீட்டர் பருமன் உடையது. “இதனை இருபத்திரண்டால் பெருக்கு” என்றார் முதியவர். எண்பத்தெட்டு வந்தது. “அவ்வளவு பருத்த கம்பியை எந்த ஓட்டுநர் கையால் பற்ற முடியும்?” சிறுவன் ஒன்றரை மில்லிமீட்டர்க் கம்பியைத் தேடி எடுத்தான்.

மூன்று வாரம் வேலை நடந்தது. கைப்பிடியும், சக்கரங்களை இணைக்கும் தண்டும், ஊதலும், முன்விளக்கும் ஒவ்வொன்றாய் இடம்பெற்றன. ஒவ்வோர் உறுப்பும் என்ன தொழில் செய்வது என்று சொன்ன பிறகே அதனைப் பொருத்த முதியவர் இசைந்தார். கொதிகலத்தின்மேல் இருந்த சுத்தியல் தழும்புகளை மட்டும் நிரவ விடவில்லை. “அவை என் அப்பாவின் கை” என்றார்.

இறுதியில் சிறுவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “தாத்தா, அழிந்த எழுத்தை நானே எழுதிவிடட்டுமா? ஒருவருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே, தம்பி!” என்றார் முதியவர். சிறிது நேரம் கழித்துத் தொடர்ந்தார்: “இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்த எஞ்சின் ஒன்று இந்நாட்டில் ஓடியது. 1909-இல் ஓய்வுபெற்று, ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப்பொருளாக நின்றது. 2010-இல் சென்னை பெரம்பூர்ப் பணிமனையார் அதனை மீண்டும் ஓடவைத்தார்கள். இல்லாமற்போன உறுப்புகளைப் புதிதாகச் செய்தார்கள். புதியதைப் புதியது என்று சொல்வதில் இழிவு இல்லை. புதியதைப் பழையது என்று காட்டுவதே பொய். நீ எழுதினால் அது உன் எழுத்து. என் அப்பாவின் எழுத்து ஆகாது.”

சிறுவன் எஞ்சினைக் கவிழ்த்து, அடித்தகட்டில் புதிய உறுப்புகளின் பெயர்களையும் அவற்றைப் பொருத்திய ஆண்டையும் ஊசியால் கீறினான். ‘காரை’ என்ற எழுத்துகள் அவ்வாறே நின்றன.

கண்காட்சியில் ஒருவர், “ஊர்ப் பெயர் ஏன் குறையாக உள்ளது?” என்று கேட்டார். சிறுவன் தலைநிமிர்ந்து, “என் கொள்ளுத்தாத்தா எழுதியது, ஐயா. நான் அறியாமல் அழித்துவிட்டேன். எஞ்சியதைக் காத்துவைத்திருக்கிறேன்” என்றான்.

முன்னோர் விட்டுச்சென்றவற்றை நாம் செம்மைசெய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அறிந்தபின் கைவைத்தல் வேண்டும். பிழை நேர்ந்தால் அதனை மறையாமல் ஏற்றல் வேண்டும். அந்தத் தகரப் புகைவண்டி இன்று பரணில் இல்லை. அவ்வீட்டுக் கூடத்தில் எல்லோரும் காண நிற்கிறது.