புதன்கிழமை ஏன் சர்ச்சுக்குப் போறோம்?

"கோயில் தொண்டர்கள் புதன்கிழமை ஆனா சர்ச்சுக்குப் போறாங்களாமே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுத்திக்கிட்டு இருக்கு. ஆமா, போறோம். நாங்க நாலு பேர். எதுக்குன்னு இங்கேயே சொல்லிடறோம்.

கிள்ளானில் எங்க தாமானுக்குப் பக்கத்துல உள்ள ஒரு தமிழ் சர்ச்சில், குடும்பப் பணத்தை எப்படிக் கையாள்வதுன்னு ஆறு வார வகுப்பு நடத்துறாங்க. இலவசம். யாரும் வரலாம். நம்ம அன்னதானத்துக்கு வர்ற சில குடும்பங்கள் கடனில் தவிக்கிறது எங்களுக்குத் தெரியும். ஆனா தனியா அந்த வாசல் ஏற அவங்களுக்குக் கூச்சம். அதனால கூடப் போனோம்.

பாடம் நடத்துறது போதகரும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவும். எங்க வேலை பக்கத்துல உட்கார்றது, அவ்வளவுதான். முதல் நாளே சொல்லிட்டாங்க: புத்தி சொல்லக்கூடாது, கடன் கொடுக்கக்கூடாது, கேட்டதை வெளியே பேசக்கூடாது. கோயில்ல மைக் பிடிச்சே பழகின எங்க ஆளுங்களுக்கு இதுல முதல் விதிதான் ரொம்பக் கஷ்டம்!

தொடக்கத்தில் ஜெபம் செய்வாங்க. நாங்க அமைதியா உட்கார்ந்திருப்போம். மதம் மாறச் சொல்லி யாரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசியிருந்தா அன்னைக்கே எழுந்து வந்திருப்போம்.

ஒரு அக்கா, பள்ளிக்கூடத்துல துப்புரவு வேலை. முதல் வாரம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்து மடியிலேயே வச்சிருந்தாங்க. ரெண்டாவது வாரம்தான் மேசைமேல வச்சாங்க. உள்ளே பிரிக்காத கடிதங்கள், எல்லாம் மலாய்ல. ஒவ்வொண்ணா பிரிச்சு தமிழ்ல சொன்னோம். மோட்டார் சைக்கிள் தவணை, கிரெடிட் கார்டு பாக்கி. பையோட அடியில, சின்ன தாள்ல பேனாவால் எழுதின ஆலோங் கணக்கு.

3,000 வெள்ளி கடன். கையில் வந்தது 2,400. வாரம் 300 வட்டி. 11 வாரத்தில் 3,300 கட்டியாச்சு, அசல் அப்படியே நிக்குது. உரிமம் உள்ள கடன்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு வருஷம் 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. 3,000க்கு அது ஒரு வருஷத்துக்கு 540 வெள்ளி. அக்கா ரெண்டே வாரத்துல அதைத் தாண்டிட்டாங்க. இதை அந்த அம்மா பலகையில் எழுதினப்போ கூடத்துல சத்தமே இல்லை.

மூணாவது வாரம் வரவு செலவுத் தாள். முதல் வரியே தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. "நாங்க இந்து, இங்க என்ன எழுதறது?"ன்னு அக்கா கேட்டாங்க. "கோயிலுக்குக் கொடுக்கறதை எழுதுங்க அக்கா" என்றார் போதகர். அக்கா எங்களைப் பார்த்தாங்க. பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்தாங்க. நம்ம கோயில் ரசீது. திருவிழா உபயம். 3,000 கடன்ல பாதி அதுக்கும், பால்குட வேண்டுதலுக்கு வந்த சொந்தக்காரங்க சாப்பாட்டுக்கும் போயிருக்கு.

"சாமிக்குக் கொடுத்ததைக் கடன்ல சேர்க்காதீங்க"ன்னு சொன்னாங்க. நாங்க எதுவும் சொல்லலை. சொல்லவும் கூடாது. அடுத்த வாரம் அவங்களே அந்த வரியில் மாசம் 10 வெள்ளின்னு எழுதிட்டு, உபயத் தொகையைக் கடன் பக்கம் மாத்திப் போட்டாங்க. அன்னைக்குத்தான் வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னாங்க, சர்ச் கார் நிறுத்துற இடத்துல. எங்களைத் தள்ளி நிக்கச் சொன்னாங்க, ஆனா போகக்கூடாதுன்னாங்க. முக்கால் மணி நேரம் நின்னோம்.

வங்கிக் கடன்களுக்கு ஏகேபிகே போனோம். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கின அமைப்பு அது. ஆலோசனைக்குக் காசு கிடையாது. மாசத் தவணையைக் குறைச்சு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருக்காங்க. ஆலோங் கடனை அவங்க தொட மாட்டாங்க. அது இன்னும் முடியலை. போலீஸ் புகார் கொடுத்தாச்சு, அக்காவோட தம்பியும் இப்போ கூட இருக்கார். ராத்திரியில போன் அடிச்சா இன்னும் பயப்படறாங்க.

பொருள் செயல்வகைன்னு வள்ளுவர் ஓர் அதிகாரமே வச்சிருக்கார். நம்ம மண்டபமும் செவ்வாய், வெள்ளி தவிர சும்மாதான் கிடக்குது. இந்த வகுப்பை நாமளே நடத்தலாமேன்னு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கோம். உபயம் கேட்டு வீடு வீடா போறப்போ "முடிஞ்சா மட்டும்"னு வாயால சொல்லணும்னும் அதுல எழுதியிருக்கோம். சிலருக்குக் கோபம். இருக்கட்டும்.

அடுத்த வகுப்பு வர்ற மாசம் தொடங்குது. வர நினைக்கிறவங்க கமெண்ட்ல பேர் போட வேண்டாம், தனியா மெசேஜ் பண்ணுங்க. கடிதங்களை வீட்டுல பிரிக்கப் பயமா இருந்தா அப்படியே பையோட கொண்டு வாங்க. காரில் வந்து கூட்டிட்டுப் போறோம், கோயில் பெயர் போட்ட வேன்ல இல்ல.