ஐந்து ஏக்கரா, ஒன்றரை ஏக்கரா?

ஏப்ரல் 12

நிலம் பார்க்கத் தாளவாடி போனோம். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறியதும் பங்குனி வெயில் மறந்துபோனது. ராகி, முட்டைக்கோஸ், பூண்டு என்று எல்லாம் விளைகிற செம்மண். கணவருக்கு அங்கேயே வீடு கட்டிவிட ஆசை, எனக்கும்தான். ஆனால் 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் சுற்றிலும் இருக்கிறது. காட்டுக்குக் காடு யானைக்குக் காவல். அங்கே பிறந்தவர்களுக்கு யானையின் தடமும் நேரமும் தெரியும். எங்கள் வீட்டிலோ சர்க்கரை நோயுள்ள அத்தை, எட்டு வயது மகள். நடு இரவில் ஆஸ்பத்திரி என்றால் மாநில எல்லை தாண்டிச் சாமராஜநகர் போக வேண்டும். இல்லையென்றால் அத்தனை வளைவுகளையும் இறங்க வேண்டும். மனமில்லாமல் திரும்பினோம்.

ஏப்ரல் 26

காங்கேயம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் ஒன்று. முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள். கையிலிருக்கும் பணத்துக்கு ஐந்து ஏக்கர் வரும். மழை மறைவுப் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். பக்கத்துக் காட்டுப் பெரியவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். “ஆயிரம் அடி ஓட்டுனாலும் நிச்சயமில்லீங்க அம்மிணி. ஆடு மாடு வெச்சுப் பொழைக்கறதுன்னா தாராளமா வாங்க” என்றார். தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாடுகளை வளர்த்த மண் அது. வீட்டுக்கு வேண்டிய நெல்லும் காய்கறியும் விளைவிக்க நினைக்கும் நாங்கள் அதனிடம் கேட்பது வேறு.

மே 10

கோபிசெட்டிபாளையம் பக்கம், அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனம். பவானி ஆற்றில் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் வாய்க்கால். தண்ணீர் விடும் மாதங்களில் மண்ணில் இறங்கும் கசிவு, வாய்க்கால் நின்ற பிறகும் கிணறுகளைக் காப்பாற்றுகிறது. சித்திரை வெயிலிலும் நாங்கள் பார்த்த நிலத்தின் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. விலைதான் அதிகம், அதே பணத்துக்கு ஒன்றரை ஏக்கர். பள்ளிப் பேருந்து வரும் சாலை நடக்கிற தூரம்.

மே 24

இன்று முழுதும் கோபி நிலத்தின் காகிதம். 30 வருட வில்லங்கம், பட்டா, அ-பதிவேடு, புலப்படம். பஞ்சமி நிலம் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டோம். 1892-இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. மற்றவர் வாங்கினால் செல்லாது, வாங்குவது நியாயமும் இல்லை. கிணற்றில் எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. தண்ணீர் இறைக்கும் முறை, மோட்டார் இணைப்பில் உள்ள உரிமை, மாமூல் வண்டித்தடம் மூன்றும் பத்திரத்தில் எழுத்தாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டோம். கிணற்றின் மற்ற பங்குதாரர்கள் இருவரையும் வீடு தேடிப் போய்ப் பார்த்தோம். நாளை தண்ணீருக்கும் தடத்துக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஜூன் 7

ஒன்றரை ஏக்கருக்கே முன்பணம் கொடுத்தாயிற்று. அரை ஏக்கர் நெல், கொஞ்சம் மஞ்சள், வரப்போரம் தென்னை, இரண்டு கறவை மாடு. ஒரு குடும்பத்தின் கைகளுக்கு இதுவே நிறைந்த வேலை.

குடும்பத்தோடு மண்ணுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏக்கர் கணக்கைக் கடைசியில் பாருங்கள். கோடையில் கிணற்றையும், இரவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியையும், பத்திரத்தில் தடத்தையும், பக்கத்துக் காட்டுக்காரரையும் முதலில் பாருங்கள்.