வேர் பிடிக்கும் காலம்

இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது என் வாயைப் பற்றிய செய்தி. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் இதில் நான் உங்களுக்குச் செலுத்தவேண்டிய கடன் ஒன்று உண்டு. ஆகவே பொறுமையோடு வாசியுங்கள்.

சென்ற ஆண்டு ஜனவரியில், நம் சபையின் முதிய தாயார் ஒருவரைக் காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் நல்லடக்கம் செய்தோம். இறுதி ஜெபத்தின் நடுவே என் மேல்வரிசைப் பல்செட்டு நழுவி நாக்கின்மேல் விழுந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றேன். துக்கம் தொண்டையை அடைத்ததென்று எண்ணிய மூத்த மகன் என் தோளைத் தடவிக்கொடுத்தார். தாயை இழந்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நானோ அதை மறுக்காமல் பெற்றுக்கொண்டேன்.

முன்பற்கள் மூன்றை நான் இழந்தது விபத்தினால் அன்று. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் என் ஈறுகளைத் தளர்த்தியிருந்தது. பல் போனால் சொல் போகும் என்பார்கள். பிரசங்கிக்கிறவனுக்குச் சொல்தானே கருவி? என் குருத்துவப் பணியின் இருபத்தைந்தாம் ஆண்டை முன்னிட்டு நீங்கள் அன்பாகச் சேர்த்துத் தந்த காணிக்கையைக்கொண்டு, நிலையான செயற்கைப் பற்களைப் பொருத்திக்கொள்ளத் தீர்மானித்தேன். பல் வைத்தியர் இதை 'இம்பிளான்ட்' என்றார்.

அவர் எனக்கு விளக்கியதை நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வந்த மணல் தடைப்பட்டது. மெரினா அகன்றது, இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் கரையோ அரிக்கப்பட்டது. வீடுகளை இழந்து, பாறாங்கற்களைக் கொட்டி, எஞ்சியதைக் காத்து வருகிறோம். பல் விழுந்த இடத்துத் தாடை எலும்பும் அப்படியே. கடிக்கும் அழுத்தம் வேரின் வழியாக எலும்புக்குச் செல்லும்வரை எலும்பு தன்னைக் காத்துக்கொள்கிறது. வேர் போனபின் மெல்ல மெல்லக் கரைகிறது. பல்செட்டு ஈறின்மேல் மட்டும் அமர்வதால் அக்கரைதலைத் தடுப்பதில்லை. எலும்பு குறையக் குறைய அதுவும் தளர்கிறது. இம்பிளான்ட் என்பதோ எலும்புக்குள் திருகப்படும் சிறிய டைட்டானியம் வேர்.

இந்த டைட்டானியத்தின் வரலாறு என்னை வியப்பில் ஆழ்த்தியது. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், வில்லியம் கிரிகோர் என்னும் குருவானவர் ஓடையோரக் கருமணலை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஓர் உலோகம் அதில் உண்டென்று கண்டார். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் எடுக்கப்படும் இல்மனைட் மணலிலும் அதே உலோகம் அடங்கியிருக்கிறது. 1952இல் சுவீடன் நாட்டு மருத்துவர் பிரோனெமார்க், முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது முடியவில்லை. எலும்பு அதைத் தன்னுடையதாக்கிக் கொண்டிருந்தது. 1965இல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக இம்முறையில் பல் பொருத்தினார். 2006இல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த வேர்கள் அவருக்குப் பயன்பட்டன.

பசையோ சிமெண்டோ அந்த வேரைப் பிடித்துவைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். எலும்பின் உயிரணுக்கள் உலோகத்தின் முகத்தோடு நெருங்கி வளர்ந்து அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். கட்டுக்கடங்காத சர்க்கரையும் புகைப்பழக்கமும் இந்த இணைப்பைக் கெடுக்கக்கூடும். ஆகையால் வைத்தியர் என்னிடம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் கேட்டார்.

இப்பொழுது என் கடனுக்கு வருகிறேன்.

நான் அவரிடம் நீட்டியது ஓர் ஆண்டுக்கு முந்தைய அறிக்கை. அந்நாளில் அளவு நன்றாக இருந்தது. "இது இப்ப எடுத்ததுதானே, ஐயா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஈஸ்டர் ஆராதனையில் முழுப் பற்களோடு நிற்கவேண்டும் என்ற ஆசை ஒருபுறம். நோயாளிப் போதகர் என்று நீங்கள் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்ற பெருமை மறுபுறம். ஈஸ்டருக்குள் முடியாது என்று வைத்தியர் உறுதியாக மறுத்துவிட்டார். பிப்ரவரியில் இரண்டு வேர்களைப் பொருத்தி, காத்திருக்கச் சொன்னார். சபை வீடுகளில் நீங்கள் அன்போடு தந்த கேசரியையும் தேநீரையும் நான் மறுக்கவில்லை. மாத்திரைகளை நினைத்தபோது விழுங்கினேன்.

மே மாதத்தில் ஈறு வீங்கியது. வைத்தியர் கருவியால் மெல்லத் தொட்டபோது ஒரு வேர் தானாகச் சுழன்றது. அதைக் கழற்றி வெள்ளைத் துணியின்மேல் வைத்தார். துளி எலும்பும் ஒட்டாமல், கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோல் அது பளபளத்தது. அப்பொழுது உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஐயா, நான் வச்சது ஸ்க்ரூ மட்டும்தான். பிடிக்கவேண்டியது உங்க எலும்பு. என்கிட்ட மறைச்சீங்க; அதுகிட்ட மறைக்க முடியாதே," என்றார்.

நீதிமொழிகளின் 25ஆம் அதிகாரம், நம்பத்தகாத மனிதனை உடைந்த பல்லுக்கு ஒப்பிடுகிறது. அவ்வசனத்தைப் பிறருக்கென்று பலமுறை பிரசங்கித்தவன் நான். அன்று எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்கிடையே பேருந்து அசையாமல் நின்றபோது, அது யாரைக் குறித்தது என்று விளங்கிற்று. வீணானது என் பணமன்று. மீன் கூடை சுமந்தவர்களும் துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர்களும் தந்த காணிக்கை.

அடுத்த ஞாயிறன்று ஆராதனையின் முடிவில், பல் இல்லாத வாயோடு, நடந்ததை உங்களிடம் சொன்னேன். உங்களில் பலர் அதைக் கேட்டிருக்கிறீர்கள். கேளாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நீங்கள் முணுமுணுப்பீர்கள் என்று அஞ்சினேன். ஆனால் துறைமுகத்தில் ஓய்வுபெற்ற மூப்பர் ஒருவர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் மாத்திரை போடறதில்லீங்க ஐயா. வீட்டுல போடறேன்னு சொல்லி வச்சிருக்கேன்," என்றார். அந்த வாரமே அவரும் நானும் இன்னும் இருவரும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றோம்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர நான்கு மாதங்கள் ஆயின. அக்டோபரில், குறைந்துபோன இடத்தில் எலும்புத் தூள் நிரப்பி, புதிய வேர் ஒன்றைப் பொருத்தினார்கள். இம்முறை என் சேமிப்பிலிருந்து. மீண்டும் காத்திருப்பு. அந்நாட்களில் கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது. வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தது. ஆனால் ஈறுக்குக் கீழே இருளில் வேலை நடந்துகொண்டிருந்தது. இந்த ஆண்டு லெந்து நாட்களில், இரண்டு வேர்களின்மேல் மூன்று பற்கள் அமர்த்தப்பட்டன.

அன்பானவர்களே, பல் இழந்த ஒவ்வொருவரும் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பொருந்திய பல்செட்டு பலருக்குப் போதும். பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக்கொண்டு கட்டும் பாலமும் உண்டு. பொருள் வசதி இல்லாதவர்கள் கோட்டை ரயில் நிலையத்திற்கு அருகே 1953 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று ஆலோசனை கேளுங்கள். எங்கு சென்றாலும் உங்கள் சர்க்கரையையும், உட்கொள்ளும் மருந்துகளையும், புகையிலைப் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாயில் இரண்டு வாரங்களுக்குமேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் உடனே காட்டுங்கள். பொருத்தியபின்னும் கவனிப்பு முடிவதில்லை. செயற்கைப் பல் சொத்தையாகாது; ஆயினும் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுக்கினால் கெடும். நான் இரவுதோறும் சிறிய தூரிகையால் அவ்விடத்தைச் சுத்தம் செய்கிறேன்.

ஒவ்வொரு இரவும் அந்த ஐந்து நிமிடங்களில் காசிமேட்டில் என் தோளைத் தடவிய கையை நினைக்கிறேன். சென்ற மாதம் அந்த மகனின் வீட்டுக்குச் சென்று, அன்று நான் அழவில்லை என்பதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். "அம்மா இருந்திருந்தா உங்களவிட அதிகமா சிரிச்சிருப்பாங்க, ஐயா," என்று சொல்லி ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்தார். ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

நீங்கள் யாரிடத்தில் பழைய அறிக்கையை நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? இந்த வாரம் அதை எண்ணிப் பாருங்கள். உண்மையைச் சொல்லும் பெலனையும், சொன்னபின் காத்திருக்கும் பொறுமையையும் கர்த்தர் நம் அனைவருக்கும் அருள்வாராக. ஆமென்.