பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்

பெரம்பலூர் அருகே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அந்த நாட்களில் ஊர் நிரம்பி வழியும். மற்ற நாட்களில் பரண் துடைக்கவும் நேரம் கிடைக்கும். பித்தளைக் குடத்துக்கும் பழைய பாய்க்கும் நடுவே கைக்கு அகப்படுவது, பல வீடுகளில், அரசு கொடுத்த லேப்டாப்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையில் லேப்டாப் சேர்ந்தது. அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என இரண்டு வந்த வீடுகளும் உண்டு. எத்தனையோ குடும்பங்களில் வாசற்படி தாண்டி வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான்.

இன்று அதை எடுத்து உட்கார்ந்தால், "இதுக்குப் போய் மெனக்கெடணுமா?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11, இந்தப் பழைய பிராசசரை ஏற்காது.

ஆனால் அடிப்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் கதை வேறு. ஃபேனில் கம்பளி மாதிரி தூசி அடைந்திருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினாலே சூடு குறையும். ரேமை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினால், செத்துப்போனதாக நினைத்த திரை சில சமயம் உயிர்பெறும். பல மெக்கானிக் கடைகளில் முதலில் செய்வது இதைத்தான்.

மெதுவாக ஓடுவதற்குப் பெரிய காரணம் ஹார்டு டிஸ்க். உள்ளே தட்டு சுழன்று, முள் ஒவ்வொரு இடமாகத் தேடிப் போக வேண்டும். எஸ்எஸ்டி-யில் சுழல்வது எதுவுமே இல்லை. இரண்டுக்கும் ஒரே சாட்டா இணைப்பு என்பதால், இன்று கடையில் வாங்கும் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி அந்தப் பழைய பள்ளத்திலேயே கச்சிதமாக உட்காரும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். லினக்ஸ் இந்த லேப்டாப்களுக்குப் புதிதல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் வந்தது. பலரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

மதர்போர்டு போயிருந்தால் விட்டுவிடுவதே நல்லது. பாகம் தேடிப் பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் அலைந்தால் பஸ் காசும் நாளும்தான் வீண். பேட்டரி மட்டும் செத்திருந்தால் கழற்றி வைத்துவிட்டு சார்ஜரிலேயே ஓட்டலாம். கரன்ட் போனால் அணைந்துவிடும், அவ்வளவுதான்.

அரை நாள் வேலை இது. கல்லூரிப் பையன் ஒருவன் அந்த அரை நாளில் கற்றுக்கொள்வதைப் புது லேப்டாப்பில் கற்க முடியாது. புதிய மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள். அதைக் கழற்றவே முடியாது. ஐம்பதாயிரம் போட்டு வாங்கியதில் ஸ்க்ரூ டிரைவர் வைக்க எந்த அப்பாவும் விடமாட்டார். பரணில் கிடந்ததை யாரும் தடுப்பதில்லை.

லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. தம்பி லேப்டாப்பின் திரை விரிசல் விட்டிருக்கிறதா? அதிலுள்ள 2 ஜிபியைக் கழற்றலாம். இரண்டும் டிடிஆர்3 வகையாக இருந்து, அக்கா லேப்டாப்பில் இன்னொரு ரேம் பள்ளம் காலியாகவும் இருந்தால், சாய்த்து வைத்து அழுத்த வேண்டியதுதான். இரு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று மூடும்.