லயத்தின் மேல் லயம்

புசல்லாவை டவுனிலிருந்து தோட்டத்து ரோட்டில் ஏறினால், கடைசிக் கடை மறைந்ததும் தேயிலைதான். மேட்டு லயம் பத்துக் காம்பரா. எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை. தொங்கல் காம்பராவில் இருந்த அக்கா, “குனிஞ்சு வாங்க தம்பி, நிலை தட்டும்” என்றார்.

உள்ளே அளந்து பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி. இஸ்தோப்பைப் பலகையால் மறித்துக் கட்டில் போட்டிருக்கிறார்கள். மகனும் மருமகளும் வந்தால் படுக்கை அங்கே. நடுச்சுவர் கூரையைத் தொடவில்லை. பக்கத்துக் காம்பராவில் செய்தி வாசித்தால் இங்கே உட்கார்ந்தே கேட்டுவிடலாம்.

இந்த ஊரின் ரொத்சைல்ட் தோட்டத்தில் 1841இல் கோப்பி போட்ட வோர்ம்ஸ் சகோதரர்கள், சீனத் தேயிலைக் கன்றையும் நட்டுப் பார்த்தார்கள். பழம் பறிக்க வந்து திரும்பிப் போகிற ஆட்களுக்குத் தங்குமிடமாக ஆரம்பித்ததுதான் லயம். கோப்பி பட்டுப்போய்த் தேயிலை வந்ததும் ஆட்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். காம்பரா மட்டும் வளரவில்லை.

கீழ் வளைவில் இரண்டு தட்டு வீட்டு வரிசை ஒன்று. குறுகிய படியில் ஒருவர் விறகுக் கட்டோடு ஒருக்களித்து ஏறிக்கொண்டிருந்தார். கோழிக்கூடு படிக்கு அடியில். மரக்கறிப் பாத்தி கீழ்வீட்டுக்காரருடையது. மேல்வீட்டாருக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்கவும் மண் இல்லை.

2014ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டங்களுக்கு 50,000 வீடுகள் என்றபோது, அவை மாடி வீடுகள் என்பதுதான் மலையகத்தில் எதிர்ப்பைக் கிளப்பியது. கொழும்பு வனாத்தமுல்லையில் 2001இல் ‘சகஸ்புர’ அடுக்குமாடி எழுந்ததற்கு ஒரு கணக்கு இருந்தது: குடிசைவாசிகளை மேலே ஏற்றினால் விலைமதிப்புள்ள நிலம் மிஞ்சும். தோட்டத்திலோ நிலம் கண்ணெதிரே கிடக்கிறது. அரசுக்குச் சொந்தம், கம்பனிக்குக் குத்தகை. அதில் கைவைக்காமல் இருக்கத்தான் மாடி என்று சனம் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. 2015க்குப் பிறகு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது கொள்கையானது. ஏழு பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. இந்திய உதவியில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேல், இன்னும் 10,000 வீடுகளை 2017இல் மோடி நோர்வூட்டில் வந்து அறிவித்தார். அறிவிப்பின் வேகம் கட்டுமானத்தில் இல்லை.

ஆனால் மலைச்சரிவும் ஒரு கணக்குப் போடுகிறது. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளையே குலைத்துப் போட்டது. மண்சரிவு அபாயம் இல்லாத இடம் சுருங்கச் சுருங்க, மாடிப் பேச்சு திரும்பவும் எழும்பும். எழும்பட்டும். மாடி கட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு தட்டு வீட்டுக்கும் தனி உறுதி எழுத 1973இலேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்த உறுதி இல்லாமல் எத்தனை மாடி எழுப்பினாலும் அது லயத்தின் மேல் லயம்தான்.

இதைச் சொன்னதும் அக்கா கேட்டது வேறு. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். தோட்டத்தில் இப்போது பேர் பதிந்தவர் என்று வீட்டில் யாரும் இல்லை.

“உறுதி குடுத்தா, மலைக்குப் போறவங்களுக்கு மட்டுந்தானா தம்பி? இங்க பொறந்து வெளிய போனவனுக்கும் உண்டா?”