பொற்றாமரைப் படியில் ஒரு பையன்

மதுரை மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்தில் எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையை இன் பண்ணியிருந்தான். கையில் நாலாக மடித்த தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மந்திரமில்லை, ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கும் பாராயணம். எங்கேயோ இன்டர்வியூ.

எனக்கு 1994 வந்துவிட்டது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தில் அப்போது தையல் மிஷின்களுக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்கும் நடுவே புத்தகக் கடைகள் இருந்தன. பேரம் பேசி ஒரு கைடு வாங்கினேன். உங்கள் பலம்? கடின உழைப்பு. பலவீனம்? அளவுக்கு மீறிய கடின உழைப்பு. எழுதியவர் கெட்டிக்காரர். பதினைந்து நாள் மொட்டைமாடியில் நடந்து நடந்து நெட்டுருப் போட்டேன். பதில் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை எனக்கு இல்லை. வாய் தவறிவிடக் கூடாதே என்பதுதான்.

தருமிக்கும் அதே நடுக்கம் இருந்திருக்கும். இதே ஊர்; கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம்; தீர்த்துவைத்தால் பொற்கிழி. ‘திருவிளையாடல்’ படத்தில் (1965) தருமியாக நாகேஷ் தனியாகப் புலம்பும்போது தியேட்டரே சிரிக்கும். அந்த இன்டர்வியூவுக்குப் பிறகு எனக்கு அங்கே சரியாகச் சிரிப்பு வருவதில்லை. பாட்டை வாசித்து முடிக்கிறவரை தருமிக்கு ஒரு குறையும் இல்லை. நக்கீரர் குறுக்குக் கேள்வி கேட்டதும்தான் இரவல் பாட்டு காலை வாரியது.

எனக்கும் அப்படித்தான். எதிரே மூன்று பேர். “கடின உழைப்புன்னீங்களே, ஒரு உதாரணம் சொல்லுங்க” என்றார் நடுவில் இருந்தவர். கைடில் உதாரணம் இல்லை. ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. “ஒண்ணும் தோணலையா?” என்றார். “இல்லண்ணே” என்றேன்.

சார் இல்லை, அண்ணே. பஸ் கண்டக்டரை, டீக்கடைக்காரரை, முன்பின் தெரியாத போலீஸ்காரரைக்கூட அப்படிக் கூப்பிட்டு வளர்ந்த வாய். அவர் லேசாகச் சிரித்தார். அது ஏளனமா, ஒருவேளை அவரும் நம்ம பக்கத்து ஆளா? முப்பது வருஷமாக அந்தச் சிரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கடிதம் வரவில்லை.

சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’யில் (1970) ஓர் இன்டர்வியூ வரும். பத்தாண்டில் மிக முக்கியமான நிகழ்ச்சி எது என்று கேட்பார்கள். நிலவில் மனிதன் இறங்கியதைச் சொல்லாமல் கதாநாயகன் வியட்நாம் போரைச் சொல்வான். நீ கம்யூனிஸ்டா என்பார்கள். அவனாவது ஒரு போரைச் சொல்லிக் கெட்டான்.

2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி வேலைகளுக்கும் நேர்முகத் தேர்வே கிடையாது என்று ஆனபோது, அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன். அக்கா மகன் பரீட்சை மட்டும் எழுதி உள்ளே போய்விட்டான். யாரை எப்படிக் கூப்பிடுவது என்ற தலைவலியே அவனுக்கு இல்லை. கொஞ்சம் பொறாமைதான்.

கீழ்ப்படிக்காரன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். கோயிலுக்குள் 2018லிருந்து செல்போனுக்குத் தடை; என் மணிக்கட்டைப் பார்த்தான்.

“அண்ணே, மணி என்னண்ணே?”

அங்கே போய் இப்படிக் கூப்பிட்டுவிடாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஒன்பது இருபது தம்பி” என்றேன்.