ஸ்கோப் எங்கே உட்கார வேண்டும்?

நியூ ஜெர்சியில் மான் வேட்டைக்கு நவீன ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அமெரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த மாநிலம். குறி தவறிய ரைஃபிள் குண்டு யார் வீட்டுக் கொல்லையில் போய் விழுமோ! அதனால் ரவை போடும் ஷாட்கன்னிலேயே ஸ்லக் என்கிற ஒற்றைக் குண்டைப் போட்டுச் சுடுகிறார்கள். 12 போர் ஸ்லக் பெரும்பாலும் ஓர் அவுன்ஸ், சுமார் 28 கிராம்.

பறவை சுட, குழல் நுனியில் ஒரு பித்தளை மணி போதும். நூறு கஜம் தள்ளி நிற்கும் மானுக்கு ஸ்கோப் வேண்டும். அதைப் பூட்டும் வேலையைப் பார்க்கத்தான் ஹன்டர்டன் கவுண்டியில் ஒரு பட்டறைக்குப் போனேன்.

பெரியவருக்கு எழுபது இருக்கும். கூட வேலை பழகும் ஒரு பையன். மேசையில் ரெமிங்டன் 870. 1950 முதல் வரும் மாடல். அதன் ரிசீவர், அதாவது இயங்கும் பாகங்களை அடக்கிய உடற்பகுதி, எஃகு. மாஸ்பெர்க் 500 என்றால் ரிசீவர் அலுமினியக் கலவை. கொஞ்சம் அழுத்தினாலும் மரை போய்விடும்.

ரிசீவரில் போட்ட துளைக்குள் பையன் 6-48 டேப்பை, அதாவது மரை வெட்டும் கருவியை, இறக்கினான். அங்குலத்துக்கு 48 மரை, அவ்வளவு நெருக்கம். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பிசிறு முறியும் சத்தம் கேட்ட பிறகே அடுத்த சுற்று. பெரியவர் அவன் கையைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் இந்த வேலையில் அவருக்கே முழுத் திருப்தி இல்லை. 870-இன் குழலைக் கழற்றி மாட்டலாம். மாட்டும் இடத்தில் மயிரிழை ஆட்டம் இருக்கும். ரிசீவர் மேல் ஸ்கோப் இருந்தால், “ஸ்கோப் ஒரு பக்கம் பார்க்கும், குழல் இன்னொரு பக்கம் பார்க்கும்” என்றார். கேன்டிலீவர் குழலில் அந்தத் தொல்லை இல்லை. தோட்டா இறங்கும் பக்கம் குழலோடு பிடித்த பட்டை ஒன்று ரிசீவருக்கு மேலே நீண்டு ஸ்கோப்பைத் தாங்குகிறது. குழல் அசைந்தால் ஸ்கோப்பும் கூடவே அசையும்.

அப்படியானால் எந்தக் குழலிலும் ஓட்டை போட்டுப் பூட்டிவிடலாமே என்றேன். கூடாது என்றார். நுனிப் பக்கம் சில குழல்களின் சுவர் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தானாம். மணிக்கான மரை உள்ளே துருத்தினால்கூட அரத்தால் சமன் செய்துவிட வேண்டும்.

இடையில் ஒருவர் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஸ்கோப் பூட்டச் சொல்லி வந்தார். பெரியவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை ஈயப்பற்றில் நிற்கிறது. ஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட்டை வெள்ளிப்பற்று வைக்கும் சூட்டில் அது இளகிவிடும். வேலையை ஒப்புக்கொள்ளாத அந்த நிமிடத்தில்தான் அவருடைய தொழில் எனக்குப் பிடிபட்டது.

புதிதாக வாங்குபவர் கேன்டிலீவர் குழலாகவே வாங்கலாம். ரிசீவர் மேல் பூட்டியவர்கள், குழலைக் கழற்றி மாட்டினால் சுடும் பயிற்சி மைதானத்தில் மறுபடி சுட்டு, குறி சரிபார்த்த பிறகே காட்டுக்குப் போக வேண்டும்.